பிழையில்லாத பட்டியல்

என்னைப் பார்த்தால் தமிழ் என்று யாருக்கும் தெரியாது. அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்கு முதல் காரணம் அதுதான். நேர்முகத்துக்குப் போன அன்று முகாமையாளர் என் சான்றிதழ்களைப் புரட்டிப் பார்த்தார், சிங்களத்தில் கொஞ்ச நேரம் கதைத்தார், பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, தங்கச்சி முறை வைத்து, "நீங்களே சொல்லாவிட்டால் நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன், நங்கி" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நானும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு நன்றி சொன்னேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

என் அம்மா ஹேவாஹெட்டையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா கண்டி நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். நாங்கள் கத்தோலிக்கர், பொட்டு வைக்கிற பழக்கம் இல்லை. கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் சிங்களப் பிள்ளைகளோடு ஓடியாடி வளர்ந்ததால் என் சிங்களத்தில் தமிழ் வாடை கிடையாது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் குண்டசாலையில், இளைப்பாறிய ஒரு சிங்கள ஆசிரியையின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தோம். அங்கிருந்து பதினைந்து நிமிட நடையில் அந்தக் கட்டடம் எழும்பியது.

பன்னிரண்டு மாடி. அந்தப் பக்கத்தில் நாங்கள் அதுவரை கண்ட பெரிய கட்டடம் மூன்று மாடிப் பாடசாலைதான். ஒரு பக்கம் மகாவலி, மறுபக்கம் மலை. ஆற்றைப் பார்த்த வீடுகள் என்றும் மலையைப் பார்த்த வீடுகள் என்றும் இரண்டு விதமாகப் பிரித்து விற்றார்கள். நீச்சல் தடாகம், உடற்பயிற்சி அறை, இரண்டு லிப்ட், வாசலில் சீருடை போட்ட காவலாளிகள், மின்சாரம் போனால் மறு நிமிடமே உறுமத் தொடங்கும் ஜெனரேட்டர். குண்டசாலை முழுவதும் இருட்டில் கிடக்கும்போது அந்தக் கட்டடம் மட்டும் கலியாண வீடு மாதிரி ஒளிரும். அதைக் கட்டியவர்களில் பலர் ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்ட ஆட்கள். இரண்டு வருடம் ஆற்றங்கரையில் தகரக் கொட்டகை போட்டுக் கிடந்தார்கள். திறப்பு விழாவுக்கு முதல் நாள் கொட்டகைகளைப் பிரித்து லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆற்றைப் பார்த்த வீட்டுக்காரர் தகரத்தைப் பார்க்கக் கூடாதாம்.

எனக்கு விற்பனைக் கந்தோரில் வேலை. தரைமாடியில் கண்ணாடிச் சுவர் போட்ட அறை, ஏசி, புது மேசை, கணினி. தமிழிலும் ஒரு கையேடு வேண்டும் என்று முதல் வாரமே சொல்லிவிட்டார்கள். அது போர்க்காலம். யாழ்ப்பாணத்தில் சொந்த வீடு இருந்தும் அங்கே போய் இருக்க முடியாதவர்களும், கொழும்பில் சோதனைக்கு மேல் சோதனையாகி அலுத்துப்போனவர்களும், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருப்பவர்களும் கண்டியில் வந்து வாங்குவார்கள் என்று மேலிடத்தில் யாரோ யோசித்திருந்தார்கள். யோசனை பலித்தது. அமைதி, பாதுகாப்பு, உங்கள் பெற்றோர் நிம்மதியாக உறங்கும் இடம் என்றெல்லாம் அந்தக் கையேட்டில் எழுதியது நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சொற்கள் நன்றாக வந்து விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அந்தக் கையேட்டைப் பார்த்து வந்தவர்களில் ஒரு யாழ்ப்பாணத் தம்பதியும் இருந்தார்கள். அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து இளைப்பாறியவர். தன்னுடைய சேவைக்காலத்தில் பெரும்பகுதியைச் சிங்களப் பகுதிகளிலேயே கழித்தவர். நெட்டை உடம்பு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. மனைவிக்கு முழங்கால் வருத்தம். படி ஏற முடியாது, லிப்ட் இருக்கிற வீடு வேண்டும் என்று கனடாவில் இருந்த மகன் சொல்லியிருந்தான். ஏழாம் மாடியில், ஆற்றைப் பார்த்த வீட்டை நான் காட்டினேன். அந்த அம்மா பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐயா சுவரைத் தட்டிப் பார்த்தார், குழாயைத் திறந்து பார்த்தார், ஒன்றிரண்டு இடத்தில் பூச்சுச் சரியில்லை என்று எனக்குக் காட்டினார். அதன் பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்கள் எந்த இடம், பிள்ளை?" என்று கேட்டார்.

குண்டசாலை என்றேன். அது தெரியும், சொந்த இடம் எது என்றார். அம்மாவின் ஊர் ஹேவாஹெட்டை என்றேன். "தோட்டப் பக்கமோ?" என்றார். ஓம் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து 'நீங்கள்' போய் ஒரு படி கீழான 'நீர்' ஆகிவிட்டது. அவர் அதை வேண்டுமென்று செய்யவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் சுட்டது.

ஏழாம் மாடி அம்மாவும் 'நீர்' என்றுதான் கதைப்பார், ஆனால் அது எனக்குச் சுடவில்லை. குடிவந்த பிறகு பின்னேரங்களில் என்னைக் கூப்பிட்டுத் தேத்தண்ணி தருவார். கட்டட நிர்வாகத்திலிருந்து சிங்களத்தில் வரும் கடிதங்களை ஐயா இல்லாத நேரத்தில் என்னிடம் தந்து வாசிக்கச் சொல்வார். ஐயா அறையிலிருந்து வந்தால் நான் எழும்பி நின்றுவிடுவேன். ஏன் எழும்பினேன் என்று எனக்கே தெரியாது. அம்மா மட்டும், "இரும் பிள்ளை, தேத்தண்ணி ஆறுது" என்பார்.

அவர்கள் குடிவந்த இரண்டாம் வருடம் கண்டிக்குக் கிட்ட ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. செத்தவர்கள் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போனவர்கள். என்னைப் போல அதே மாதிரி பஸ்ஸில் கண்டிக்குப் போய்வருகிறவர்கள். அதை வைத்தவர்கள் மீது எனக்கு வந்த கோபம் சின்னதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அடுத்த நாள் முதல் அந்தக் கோபம் எனக்கு இருக்கிறதா என்று எல்லோரும் என்னைச் சோதித்தார்கள். கண்டிக்குப் போகும்போது தென்னெகும்புர பாலத்தடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்க வைத்தார்கள். முன்னால் போன பெண்ணின் அடையாள அட்டையில் சிங்களம் மட்டும் இருந்தது. என்னுடையதில் சிங்களத்துக்குக் கீழே தமிழும் இருந்தது. அந்த ஒரு வரியைக் கண்டதும் வரிசை நின்றுவிடும். பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள், பஸ் என்னால் தாமதிக்கிறது என்று.

அந்த வாரம்தான் முகாமையாளர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். குடியிருப்பாளர் குழு கூடிப் பேசியிருக்கிறது, கட்டடத்தின் பாதுகாப்பைப் பற்றி எல்லோருக்கும் கவலை, பொலிசாரும் கேட்கிறார்கள் என்றார். யார் யார் தமிழர் என்று ஒரு பட்டியல் வேண்டும். ஒவ்வொருவரும் பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பி, படமும் அடையாள அட்டைப் பிரதியும் தர வேண்டும்.

"எல்லா வீட்டுக்காரரும் நிரப்பினால் நல்லதுதானே" என்றேன்.

"எல்லோரையும் ஏன் சிரமப்படுத்த வேண்டும்?" என்றார். "உங்களுக்குப் பெயரைப் பார்த்தாலே தெரியும். எங்களுக்குச் சில பெயர் முஸ்லிமா தமிழா என்றே விளங்காது. இது வெறும் சம்பிரதாயம், நங்கி."

என் பெயரும் போட வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "நீங்கள் இங்கே குடியிருக்கவில்லையே. நீங்கள் எங்கள் ஆள்."

எங்கள் ஆள் என்று அவர் சொன்னபோது எனக்குள் ஏதோ ஒன்று ஆறுதலாக இறங்கி உட்கார்ந்தது. அதுதான் உண்மை. நான் போய்க் கணினிக்கு முன்னால் இருந்து ஆறு வீடுகளின் பெயர்களைச் சிங்களத்தில் அடித்தேன். சிங்களக் கந்தோர்களில் எங்கள் பெயர்களை எப்படிக் கொலை செய்வார்கள் என்பது இந்த நாட்டில் எல்லாத் தமிழருக்கும் தெரியும். அப்பாவின் மரணச் சான்றிதழிலேயே அவருடைய பெயர் பிழை. அப்படி ஆகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தேன். ழகரம் வருகிற இடத்தில் எந்தச் சிங்கள எழுத்தைப் போட்டால் கிட்ட வரும் என்று யோசித்தேன். வீட்டு இலக்கம், மாடி, தொழில், வயது எல்லாம் கோடு போட்டுக் கட்டம் கட்டினேன். மிகவும் அழகான பட்டியல் அது.

பிறகு படிவங்களை எடுத்துக்கொண்டு ஆறு வீட்டுக்கும் போனேன். ஒரு வங்கி அதிகாரியும் மனைவியும் கேள்வி கேட்காமல் நிரப்பித் தந்தார்கள். ஒரு வைத்தியர் வேலைக்காரியிடம் கொடுத்தனுப்பினார். ஏழாம் மாடியில் ஐயா சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து வைத்துச் சிங்களத்தில் தானே எழுதினார். படிவத்தில் ஓரிடத்தில் இலக்கணம் பிழை என்று பேனையால் அதையும் திருத்தினார்.

"முப்பத்தாறு வருசம் இந்த அரசாங்கத்துக்கு வேலை செய்தனான்" என்றார். "இப்ப நான் ஆரெண்டு அவைக்குத் தெரியேல்லை."

"ஒன்றுமில்லை ஐயா, பதிவு மட்டுந்தான். இதைக் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்" என்றேன் நான்.

அந்த வாக்குறுதியைக் கொடுக்கச் சொல்லி முகாமையாளர்கூட என்னிடம் சொல்லியிருக்கவில்லை. நானாகக் கொடுத்தேன். ஆறு வீட்டுப் படிவங்களையும் ஒரு காக்கி உறையில் போட்டு ஒட்டி அவருடைய மேசையில் வைத்தேன். பட்டியலை மட்டும் அன்றைக்கே பொலிசுக்கு அனுப்பிவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

ஒன்றிரண்டு கிழமை கழித்து ஒரு காலை எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போனபோது வாசலில் பொலிஸ் ஜீப்பும் இராணுவ லொறியும் நின்றன. வாகனம் நிறுத்துகிற இடத்தில், தரையில் வெள்ளைப் பெயின்டில் இலக்கம் எழுதிய கட்டங்களுக்குள் பட்டியலில் இருந்தவர்களை நிற்க வைத்திருந்தார்கள். ஆறு குடும்பம். சிலர் படுக்கையிலிருந்து எழும்பி வந்த உடுப்போடு. ஏழாம் மாடி அம்மா ஒரு காலில் பாரத்தைப் போட்டு, தூணைப் பிடித்தபடி நின்றார். யாரும் அவருக்கு ஒரு கதிரை போடவில்லை. நானும் போடவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் பல்கனிகளில் நின்று பார்த்தார்கள். சிலர் காரை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போனார்கள். அப்படிப் போகும்போது நிற்பவர்களுக்கு இடித்துவிடாமல் மிகவும் மெதுவாக, மரியாதையாக ஓட்டினார்கள்.

பொலிஸ் சார்ஜன்ட் கையில் ஒரு தாளை வைத்துப் பெயர் கூப்பிட்டார். என் தாள். நான் கோடு போட்ட கட்டங்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டேன். பெயர் கூப்பிட்டு, அட்டையைப் பார்த்து, பதிவு செய்தாயா என்று கேட்டார். எல்லோரும் செய்தோம் என்றார்கள். கந்தோரில் கொடுத்திருக்கிறோம் என்றார்கள். தங்களுக்கு ஒரு படிவமும் வந்து சேரவில்லை என்றார் சார்ஜன்ட். முகாமையாளரைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அவர் ஒரு கணம் யோசித்தார். என்னைப் பார்க்கவில்லை. "எங்களிடம் யாரும் தரவில்லை, மாத்தயா" என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். பத்து அடி தூரம்கூட இல்லை. என் கையில் கைப்பையும் மத்தியானச் சோற்றுப் பார்சலும் இருந்தன. நான் வாயைத் திறந்திருந்தால் அந்த விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். திறக்கவில்லை. அவருடைய பொய்யைவிட என்னுடைய அந்த அமைதியின் மீதுதான் எனக்கு ஆத்திரம் அதிகம். ஏழாம் மாடி ஐயா என்னைப் பார்த்தார். அவரையும் வங்கி அதிகாரியையும் வேறொருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். அடிக்கவில்லை, தள்ளவில்லை. ஐயா தானே குனிந்து ஏறி, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்.

"அவர் இன்னும் பிறசர் குளிசை போடேல்லை" என்று ஏழாம் மாடி அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். யாரிடமென்று இல்லாமல், திரும்பத் திரும்ப.

நான் கந்தோருக்குள் போனேன். முகாமையாளர் வெளியே அதிகாரிகளை வழியனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மேசை லாச்சியைத் திறந்தேன். மேல் லாச்சியிலேயே இருந்தது காக்கி உறை. ஒட்டியிருந்த வாய் அப்படியே இருந்தது, அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் உள்ளே வந்து அதைக் கண்டார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். வெட்கப்பட்டார்தான், ஆனால் மறதிக்கு மட்டும்.

"அடடா, அனுப்ப வேண்டுமென்று இருந்தேன், மறந்துபோச்சு" என்றார். "இப்போது கொடுத்தால் முதலில் ஏன் இல்லை என்று சொன்னாய் என்று கேட்பார்கள். நாளைக்கு ஆள் விட்டு அனுப்புவோம். ஒரு நாள்தானே, நங்கி."

அந்த 'ஒரு நாள்தானே'வுக்கு எத்தனையோ வருடமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். குளிக்கும்போது சொல்கிறேன், பஸ்ஸில் சொல்கிறேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது, "நான் கொண்டுபோகிறேன்" என்ற ஒரு வசனம்தான். அவர் வேண்டாம் என்றார். போனால் திரும்பி வர வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அந்தப் பார்வை அதைச் சொன்னது. நான் உறையோடு வெளியே வந்து, ஏழாம் மாடி அம்மாவைக் கைத்தாங்கலாக முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். வழியில் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இது எங்க கிடந்தது, பிள்ளை?"

முகாமையாளரின் லாச்சியில் என்றேன். அதற்குப் பிறகு அவர் என் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

நிலையத்தில் ஒரு மர வாங்கில் மூன்று மணித்தியாலம் இருந்தோம். சார்ஜன்ட் படிவங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருத்தியிருந்த இலக்கணத்தையும் பார்த்தார். இவை ஏன் இன்றைக்கு வருகின்றன என்று கேட்டார். கந்தோர் லாச்சியில் இருந்தன, முகாமையாளர் பொய் சொன்னார் என்று சிங்களத்தில் தெளிவாகச் சொன்னேன். அவர் எதையும் எழுதவில்லை. நான் யார் என்று கேட்டார். அந்தப் பட்டியலை எழுதியவள் என்றேன்.

"ஆ, நல்ல பட்டியல்" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டுச் சொன்னார். "வழக்கமாக இந்தப் பெயர்களை எங்களுக்கு வாசிக்க முடியாது."

பிறகு என் அடையாள அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். தமிழ் வரியைக் கண்டதும் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். நீங்கள் பதிந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை. என் அம்மாவும் நானும் எங்கேயும் பதிந்திருக்கவில்லை. ஊரிலுள்ளவர்களையெல்லாம் பதியவைத்த நான் என் வீட்டை நினைக்கவேயில்லை. நான்தான் அவர்களுடைய ஆளாயிற்றே. வீட்டுச் சொந்தக்காரரின் கையொப்பத்தோடு மூன்று நாளைக்குள் வர வேண்டும் என்று சொல்லி, என் அட்டை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டார். பொறுப்பதிகாரி நாளைக்குத்தான் வருவார், அவர் பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் விடலாம் என்றார். ஏழாம் மாடி அம்மா கொண்டுவந்திருந்த குளிசையை மட்டும் வாங்கி உள்ளே கொடுத்தார்.

அம்மாவை ஏழாம் மாடியில் கொண்டுபோய் விட்டேன். உள்ளே வரச் சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்து, என் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். பட்டியலைப் பற்றிச் சொன்னபோது கை நின்றது.

"நீயா எழுதிக் குடுத்த?" என்றார்.

"கேட்டாங்கம்மா. வேலைல இருக்கும்போது முடியாதுன்னு எப்பிடிச் சொல்றது?"

எண்பத்து மூன்று கலவரத்தில், எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. நாங்கள் அப்போது நகரத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் இருந்தோம். வந்த கூட்டம் எல்லா வீட்டையும் உடைக்கவில்லை. கையில் தாள் வைத்திருந்தார்கள், இலக்கம் பார்த்து வந்தார்கள். எங்கள் வீட்டையும் இன்னும் நான்கு வீட்டையும் எரித்துவிட்டுப் போனார்கள். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியாத ஒன்றை அம்மா அன்றைக்குச் சொன்னார். அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவர் ஒழுங்கை முனையில் இருந்த, வாக்காளர் இடாப்பு வேலைக்கு வீடு வீடாக வருகிற ஒரு மனுஷன். சிங்களவர்தான், ஆனால் அப்பாவோடு நல்ல பழக்கம். நாங்கள் அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு அவர் தேடி வந்து அழுதிருக்கிறார். பெரிய ஆட்கள் கேட்டார்கள், எதற்கென்று தெரியாது, எழுதிக் கொடுத்தேன் என்றிருக்கிறார். அம்மா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"பாவம், அவருக்கும் புள்ளைக் குட்டி இருக்குன்னு நெனச்சேன்" என்றார் அம்மா. "அந்த ஆளு மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல. இன்னைக்குத்தான் வருது."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு திரும்பவும் தேங்காய் துருவத் தொடங்கினார். அன்றைக்குச் சோறு போட்டுத் தந்தார், பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மூன்று பேரையும் விட்டார்கள். நான் லிப்டடியில் காத்து நின்றேன். ஐயாவின் சட்டை கசங்கியிருந்தது. தாடையில் வெள்ளை மயிர் முளைத்திருந்தது. ஒரு ராத்திரியில் அவர் கிழவராகிவிட்டார் என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். அப்படியெல்லாம் ஆகவில்லை. நேராக நிமிர்ந்துதான் நடந்து வந்தார். நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பேரெல்லாம் சரியா எழுதியிருந்தது" என்றார். "என்ர தேப்பன்ர பேரைக்கூட ஒரு பிழையில்லாமல் வாசிச்சான் அவன். எந்தக் கந்தோரிலயும் இதுவரைக்கும் ஒருத்தனும் அப்பிடி வாசிச்சதில்லை. அப்பவே விளங்கீற்றுது, எழுதினது எங்கட ஆள் எண்டு."

லிப்ட் கதவு திறந்தது. அவர் ஏறிப் போனார்.

அவர் மீதும் எனக்குக் கோபம் இருந்தது. இரண்டு வருடமாக நான் அவருக்குத் தோட்டத்துப் பிள்ளை. காட்டிக்கொடுத்த பிறகுதான் 'எங்கட ஆள்' ஆனேன். இப்படி நினைக்க எனக்கு என்ன உரிமை என்றும் தெரியவில்லை. ஆனாலும் நினைத்தேன்.

முகாமையாளர் என்னை நிறுத்தவில்லை, நானும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அந்த மாத முடிவில் குடியிருப்பாளர் குழு கூட்டம் போட்டது. நீச்சல் தடாகத்துத் தண்ணீர், குப்பை எடுக்கிற நேரம், அதற்குப் பிறகு பாதுகாப்பு. பட்டியலை மாதாமாதம் புதுப்பித்து அனுப்பினால் இப்படிச் சங்கடங்கள் வராது என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். முகாமையாளர் என்னைக் காட்டி, இவர் செய்துவிடுவார் என்றார். குறிப்பெடுப்பதற்காக நான் மூலையில் இருந்தேன். எழும்பினேன். முடியாது என்றேன். படிவங்கள் உங்கள் லாச்சியில் இருந்தன, அவற்றை வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னீர்கள் என்றேன். கார் எடுத்துக்கொண்டு போனீர்களே, ஒருவராவது இறங்கி ஒரு கதிரை கொண்டுவந்து போட்டீர்களா என்று மற்றவர்களைப் பார்த்துக் கேட்டேன். நானும் போடவில்லை என்பதைச் சொன்னேனா என்று இப்போது ஞாபகமில்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

தலைவியாக இருந்த அம்மணி மிக மென்மையாக, "ஏன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறீர்கள்? யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லையே" என்றார். சிலர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் சிங்களமே வரவில்லை. சொல்ல வேண்டியதைத் தமிழில் சொன்னேன். ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியிருக்கக்கூடிய ஆறு வீட்டுக்காரரில் ஒருவரும் அந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கவில்லை. அடுத்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. யாரும் கூப்பிட்டு ஏன் என்று கேட்கவுமில்லை.

ஏழாம் மாடிக்காரர்கள் சில மாதத்தில் மகனிடம் போய்விட்டார்கள். சாமான் ஏற்றுகிற அன்று அம்மா எனக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். போனேன். ஐயா வீட்டில் இல்லை. அம்மா என்னை உட்காரச் சொல்லித் தேத்தண்ணி தந்தார். நான் அந்தக் கதையை எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"நான் உம்மை மன்னிச்சிட்டன் எண்டு சொன்னால் உமக்குச் சுகமா இருக்கும்" என்றார். "எனக்கு இன்னும் அப்பிடி வரேல்லை, பிள்ளை. வந்தால் எழுதுவன்."

நேர்மையான மனுஷி. அந்தக் கடிதம் வரவில்லை.

எனக்குப் பங்குக் கோவில் பாடசாலையில் படிப்பிக்கிற வேலை கிடைத்தது. என் அம்மா ஓரிரு கிழமைக்குப் பிறகு பக்கத்தில் இருந்து சாப்பிடத் தொடங்கினார். பட்டியலைப் பற்றி இருவரும் அதன்பின் பேசவில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். சார்ஜன்ட் சொன்ன மூன்று நாள் தவணைக்குள் எங்கள் பதிவுப் படிவத்தையும் நான் நிரப்ப வேண்டியிருந்தது. வீட்டுக்கார ஆசிரியையிடம் கையொப்பத்துக்குப் போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் சிவந்தது. எட்டு வருடமாக என் வீட்டில் இருக்கிறவர்களை யார் என்று எனக்குத் தெரியாதா என்று பொரிந்தார். சேலை மாற்றிக்கொண்டு எங்களோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். அந்தச் சார்ஜன்ட் ஏதோ ஒரு காலத்தில் அவரிடம் படித்தவராம். ஆசிரியையைக் கண்டதும் கதிரையிலிருந்து எழும்பி நின்றார், மூன்று பேருக்கும் வாங்கைத் துடைத்துவிட்டார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. அம்மா அந்த ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நானும் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் எரிந்தது. அந்த நல்ல பெண்மணி மீதும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் சொந்த ஊரில், நான் பிறந்த ஆஸ்பத்திரிக்குப் பத்துக் கிலோமீற்றருக்குள், நான் இன்னார் என்று சொல்ல இன்னொருவர் சேலை மாற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் எங்கள் இருவருக்கும் சேர்த்து டிக்கட் எடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இறங்கும் வரைக்கும் அவருடன் ஒரு வார்த்தை பேசவில்லை.